குடம் வாங்கும் கை

"அம்மா, எனக்கு மேலே நிக்கிற ஆளுங்களை மாத்துங்க. ஒருத்தருக்கும் கை உருப்படியா இல்லை!"

சேந்தனாருக்கு வந்த கோபத்தைப் பார்க்கணுமே. மூச்சு வாங்க மடத்து வாசலில் நின்றார்.

மலை உச்சியில் மடம். பாதி மலையில் சுனை. சுனையில் மொண்ட தண்ணீர், வரிசையாக நிற்கும் சீடர்களின் கைமாறி மேலே வரும். வந்தால்தான் கஞ்சி. அதை நம்பித்தான் யாத்திரைக்காரர்கள் ஏறி வருகிறார்கள்.

நேற்றுப் பாதிப் பேர் வெறும் வயிற்றோடு இறங்கிப் போனார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி காலிப் பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போனதை சேந்தனாரால் மறக்க முடியவில்லை. ராத்திரி தூக்கமே இல்லை, பாவம்.

"சுனையில் மொள்றது நான். தளும்பத் தளும்பத்தான் அனுப்புறேன். மேலே வந்து சேர்றப்போ பாதிகூட இல்லையே!"

குரு நிறைமதி அம்மை அவரைவிட வயதில் இளையவள். நிதானமாகக் கேட்டாள்.

"சேந்தனாரே, உங்ககிட்ட குடம் வாங்குறது யாரு?"

"யாரோ! இந்தப் பனியில் முகமா தெரியுது? ரெண்டு கை நீளும். குடத்தைத் திணிச்சிட்டு அடுத்ததை மொள்ளப் போயிடுவேன்."

"கேட்டுப் பார்க்கலாமே?"

"பேச்சு வேலையைக் கெடுக்கும்னு வரிசைக்கு மௌன விரதம் வச்சதே நான்தானேம்மா!"

அதில் அவருக்குப் பெருமை வேறு.

அம்மை எழுந்து நடந்தாள். அவரும் பின்னால் போனார். மேகம் மலைமேல் படுத்துக் கிடந்தது. படி தெரியவில்லை, மரம் தெரியவில்லை. நடக்கிறோமா மிதக்கிறோமா என்றே புரியவில்லை.

சுனைக்கு அடுத்த பாறையில் நின்றவரை அடுப்பங்கரையில் குளிர்காயச் சொல்லி அனுப்பினாள். அந்த இடத்தில் சேந்தனாரை நிறுத்தினாள். தான் சுனைக்கு இறங்கிப் பனிக்குள் மறைந்தாள்.

குடம் வந்தது. எங்கே வந்தது, நெஞ்சில் வந்து இடித்தது! பாறை வழுக்கியது. சில்லென்ற தண்ணீர் கழுத்து வழியே உள்ளே இறங்கியது.

"அம்மா! மெல்ல!"

"பேசக் கூடாதாமே," என்றது பனி.

பாதிக் குடத்தோடு மேலே திரும்பினார். அங்கே இரண்டு கைகள் காத்திருந்தன. பழக்கதோஷம், திணிக்கப் போனார்.

நின்றுவிட்டார். ஒரு கை நெஞ்சு வரைக்கும் வந்திருந்தது. மற்றது இடுப்பைத் தாண்டவில்லை.

சேந்தனாருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஐயா, எப்படிக் குடுக்கட்டும்?"

கைகள் குடத்தைத் தேடின.

"விரதம் வச்சவனே கேக்கிறேன். சொல்லுங்க."

பனிக்குள் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"கொஞ்சம் தாழ்த்திக் குடுங்க. எனக்கு வலது கை மேலே எழாது."

அவருக்கும் மேலே, முகம் தெரியாத இன்னொரு குரல் தயங்கித் தயங்கிக் கேட்டது.

"எனக்கு... இடது பக்கமா?"

அதற்கும் மேலே இன்னொன்று.