கடைசிப் படியில் கனிவானந்தர்

மருதங்குடியை ஆண்ட வீரகேசரி மகாராஜா புலிக்குப் பயப்பட மாட்டார். பகைவனுக்கும் பயப்பட மாட்டார். ஆனால் ராணி உலகநாச்சி முகம் வாடினால் போதும், அவருக்குச் சோறு இறங்காது.

அப்படிச் சோறு இறங்காமல் பத்து நாள் போனது. பதினோராம் நாள் காலை, அரண்மனை விகடர் சிற்றம்பலத்துக்கு ஆள் அனுப்பினார்.

"ஓய் சிற்றம்பலம்! நாளைக்கு நான் கனிவுச் சபையில் சேரப் போகிறேன். நீரும் கூட வர வேண்டும்."

"ஐயையோ!" என்றார் சிற்றம்பலம்.

அவருக்கு விஷயம் தெரியும். ஆறு மாதத்துக்கு முன் கனிவானந்தர் என்றொரு சாமியார் ஊருக்கு வந்து, தெப்பக்குளத்தின் மேல்படியில் உட்கார்ந்தார். அவருடைய சபையில் புதிதாகச் சேர்கிறவருக்கு மூன்று நாள் திருவிழாதான். மாலை போடுவார்கள். பாயசத்தை வாயில் ஊட்டுவார்கள். "இத்தனை நாள் எங்கே இருந்தாய் கண்ணே!" என்று கட்டிப்பிடித்து அழுவார்கள். பெற்ற தாய்கூட அப்படிக் கொஞ்சியிருக்க மாட்டாள்.

நாலாம் நாள் விடிந்தால் ஒருவரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். "நான் என்ன தப்புச் செய்தேன்?" என்று கேட்டால், "இரண்டு பேரை அழைத்து வா" என்று ஓலையில் எழுதிக் காட்டுவார்கள். அழைத்து வந்தால் மறுபடி சிரிப்பு, மறுபடி கொஞ்சல். வந்த இருவரும் அவரைக் கும்பிட்டபடி அவருக்குக் கீழே ஒரு படியில் உட்கார வேண்டும். அவர்கள் அழைத்து வருகிறவர்கள் அதற்கும் கீழே. இப்படியே ஊர் முழுக்கப் படிக்கட்டில் இறங்கிவிட்டது. ராஜாவும் சிற்றம்பலமும்தான் பாக்கி.

"ராணி சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது" என்றார் ராஜா. "முதல் மூன்று நாள் பறந்தாள். இப்போது தலை வாரிவிடும் தோழிகூட வாயைத் திறக்காமல் வாருகிறாளாம். பாவம், அழுதே கண் வீங்கிவிட்டது."

"சாமியாரை எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிடலாமே?"

"எதற்கு? கனிவாகப் பேசிய குற்றத்துக்கா? அவரைத் தொட்டால் தாய்வீட்டுக்குப் போய்விடுவேன் என்கிறாள். நான் அவர்மேல் கை வைக்க முடியாது. ராணி மனமும் நோகக் கூடாது. சபையும் தொலைய வேண்டும். உம்மால் முடியுமா?"

சிற்றம்பலம் மூக்கைச் சொறிந்தார். "முதலில் சேருவோம், மகாராஜா. வேட்டியை மட்டும் கொஞ்சம் ஏற்றிக் கட்டிக்கொள்ளுங்கள்."

மறுநாள் மாலை ராணி இருவரையும் அழைத்துக்கொண்டு வந்ததும் குளக்கரை அதிர்ந்தது. தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்த கடைசிப் படியில் இருவரையும் உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு கிண்ணம் பாயசம் உள்ளே போனது. ராணி வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள்.

வாயைத் துடைத்துக்கொண்டு சிற்றம்பலம் எழுந்தார். "சாமி, ஒரு சந்தேகம். இந்த விதிகளுக்கு விலக்கு உண்டா?"

"ராஜாவே கீழே உட்கார்ந்திருக்கிறார். கனிவுக்கு முன் எல்லோரும் ஒன்றுதான். விலக்கே கிடையாது!" என்றார் கனிவானந்தர். ஊரே கைதட்டியது.

"ரொம்பச் சந்தோஷம். தங்களைச் சபைக்கு அழைத்து வந்தவர் யார்?"

"என்னை யார் அழைப்பது? நானாக வந்தேன்."

சிற்றம்பலம் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடடா! அப்படியானால் தாங்கள் இன்னும் சேரவே இல்லையே! எங்களுக்கெல்லாம் மாலை, பாயசம். தங்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லையா? ஜனங்களே, இது அடுக்குமா? இதோ, சாமியை நானே அழைத்து வருகிறேன்!"

விடுவிடுவென்று படியேறிப் போய்ச் சாமியாரின் கையைப் பிடித்தார். முதலில் கைதட்டியது முதல் சீடரான எண்ணெய் வியாபாரி சடையப்பர்தான். இனி அவருக்கு மேலே ஆளே இல்லை அல்லவா! கூட்டம் பொங்கி எழுந்தது. "இத்தனை நாள் எங்கே இருந்தாய் கண்ணே!" என்று ஆளாளுக்குச் சாமியாரைக் கட்டிப்பிடித்து, ஊட்டி, மாலை போட்டு, கீழே கொண்டுவந்தார்கள். சிற்றம்பலத்துக்கு அடுத்த படி தண்ணீருக்குள் இருந்தது.

"கீழ்ப்படியில் உட்காருங்கள் சாமி. கீழ்ப்படிதல் என்பது இதுதான்" என்றார் சிற்றம்பலம்.

மூன்று நாளும் சாயங்காலம் கனிவானந்தர் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து பாயசம் குடித்தார். உண்மையைச் சொன்னால், அவருக்கு அது பிடித்தும் இருந்தது.

நாலாம் நாள் வந்தது. "சௌக்கியமா சடையப்பா?" என்றார். சடையப்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாமியார் பூக்காரியைப் பார்த்துச் சிரித்தார். அவள் வானத்தைப் பார்த்தாள். சாமியாருக்கு உதடு துடித்தது. கண் நிறைந்துவிட்டது.

அந்த முகத்தை ராணி பார்த்தாள். அவள் கண்ணாடியில் அத்தனை நாளும் பார்த்த முகம் அது. விறுவிறுவென்று இறங்கிப் போய்க் கையை நீட்டினாள். "எழுந்திருங்கள் சாமி. சளி பிடிக்கும்."

"அம்மா, விதி!" என்று மேலிருந்து சடையப்பர் கத்தினார். "அவர் இன்னும் இரண்டு பேரை அழைத்து வரவில்லை!"

கனிவானந்தருக்குப் பொறுக்கவில்லை. "நான் எங்கே போவேன்? ராஜா முதல் விகடர் வரை எல்லோரும் சேர்ந்தாயிற்று. ஊரில் ஆளே மிச்சம் இல்லையே!" என்று வாய்விட்டு அலறினார்.

குளக்கரையில் இருந்தவர்கள் உண்மைதானே என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதைத்தான் சாமி, போன மாதமே ஓடக்காரர் அங்கமுத்து சொன்னார்" என்றார் சிற்றம்பலம். "அவர் ஆள் பிடிக்கவில்லை, அவர் பேச்சைக் கேட்காதீர்கள் என்றீர்கள். அதனால் ஒருவர் காதிலும் விழவில்லை."

"உமக்கு மட்டும் எப்படி விழுந்தது?"

"நான்தான் அப்போது உங்கள் சபையிலேயே இல்லையே, சாமி!"

களுக்கென்று முதலில் சிரித்தது ராணி. அவளைப் பார்த்துத் தோழி சிரித்தாள். ராஜா தொப்பை குலுங்கச் சிரித்தபடி, கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சிற்றம்பலத்திடம் வீசினார். குறி தவறி அது குளத்தில் விழுந்தது. ஊர் மொத்தமும் படியை மறந்து தண்ணீரில் குதித்துத் துழாவியது. கண்டெடுத்துக் கொடுத்தவர் கனிவானந்தர்தான். மூன்று நாளாக அதே தண்ணீரில் உட்கார்ந்திருந்தவருக்குக் குளத்தின் ஆழம் அத்துப்படி!