கோடி வந்த நாளில் ஒரு மோட்டார்

பூதப்பாண்டி கடைக்குள் ஓடி வந்தபோது ஜெபராணி செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள். வலது கை கைப்பிடியைச் சுற்றியது. கம்பியைப் பிடித்திருந்த இடது கையில் ஒரு விரல் மட்டும் மேலே எழுந்தது.

எண்ணிக்கை ஓடுகிறது, வாயைத் திறக்காதே என்று அந்த விரலுக்கு அர்த்தம். மோட்டார் காயில் கட்டும் கடையில் அதுதான் முதல் சட்டம். சுற்றுக் கணக்கு தப்பினால், கட்டிக் கொடுத்த மோட்டார் மறுபடி கருகி வந்து வாசலில் நிற்கும். கடவுளே வந்தாலும் எண்ணி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பூதப்பாண்டி காத்திருந்தார். நாற்பத்தாறு வயது ஆள், ஒன்றுக்குப் போக வாத்தியாரிடம் அனுமதி கேட்கும் பையனைப் போலக் காலை மாற்றி மாற்றி நின்றார்.

"அறுபத்தெட்டு" என்று முடித்து ஜெபராணி கம்பியை நறுக்கினாள். "இப்ப சொல்லுங்க அண்ணாச்சி."

"வந்துட்டு வாத்தியாரம்மா! வந்தே வந்துட்டு!"

"யாரு?"

"துட்டு! ஒரு கோடியே இருபது லட்சம்!"

இந்தக் கதையில் குரு அவள், சிஷ்யர் அவர். ஜெபராணிக்கு முப்பத்து மூன்று வயது. அப்பா ஞானமுத்து திடீரென்று இறந்துபோனபோது பதினேழு வயதில் இந்தக் கடையில் உட்கார்ந்தவள். சங்கரன்கோவில் வட்டாரத்தில் கிணற்று மோட்டார் கருகினால் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். பூதப்பாண்டி மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடியதும் மூன்று வருடத்துக்கு முன்னால் வந்து, வேலை கற்றுக்கொடுங்கள் என்று கேட்டார். வாத்தியாரம்மா என்று முதலில் கிண்டலுக்குத்தான் கூப்பிட்டார். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

"எங்கருந்து அண்ணாச்சி அவ்வளவு துட்டு?"

"எங்க அய்யா விட்டுட்டுப் போன எட்டு ஏக்கர் கரிசக்காடு. முள்ளு மண்டிக் கெடந்துச்சில்லா, சும்மா தாரேன்னாலும் வாங்க ஆள் இல்லாம? சோலார் கம்பெனிக்காரன் கேட்டு வந்தான். ஏமாத்துப் பயலுகன்னு நெனச்சு உங்ககிட்டக்கூட மூச்சு விடல. இன்னிக்குப் பத்திரம் முடிஞ்சுது. இப்பதான் பேங்குல துட்டு ஏறுச்சு. இந்தா பாருங்க!"

போனைத் தலைகீழாக நீட்டினார். ஜெபராணி அதை நேராக்கிப் பார்த்தாள். பார்த்தவள் கையைத் தட்டி வாய்விட்டுச் சிரித்தாள்.

பணம் என்றதும் குருமார்கள் முகம் சுளிப்பார்கள் என்று யாரோ கதை கட்டிவிட்டிருக்கிறார்கள். இவள் எழுந்து நின்று எதிர்க் கடைக்குக் குரல் கொடுத்தாள். "ரெண்டு டீ, நாலு பஜ்ஜி! அண்ணாச்சி கணக்குல!"

பூதப்பாண்டிக்கு உட்கார முடியவில்லை. வீட்டுக்குக் காங்கிரீட் போட வேண்டும். மகள் கேட்ட கல்லூரியிலேயே சேர்த்துவிட வேண்டும். மனைவி இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் திருப்பதிக்கு ரயிலில் ஏசி பெட்டியில் போக வேண்டும். காயிலுக்குப் பூசும் வார்னிஷைக் காய வைக்கக் கரண்டு அடுப்பு ஒன்று கோயம்புத்தூரில் விற்கிறார்களாமே, அது என்ன விலை இருக்கும்? ஒரு கார், வெள்ளைக் கலரில். பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டே கடையைக் குறுக்கும் நெடுக்கும் நடந்து இதையெல்லாம் சொன்னார். பஜ்ஜி ஆறிப்போனது.

அப்புறம் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கேக்கணும் வாத்தியாரம்மா. அதுக்குத்தான் ஓடி வந்தேன்."

"கேளுங்க."

"அடுத்த மாசம் வேப்பங்குளம் விலக்கு ரோட்டுல சொந்தமா மோட்டார் கடை போடப் போறேன்ல. அட்வான்ஸ் குடுத்தாச்சு, போர்டும் எழுதியாச்சு. இப்ப என் மச்சான் ஒரு யோசனை சொல்லுதான். தென்காசி ரோட்டுல கல்யாண மண்டபம் ஒண்ணு விலைக்கு வருதாம். என் துட்டு பாதி, அவன் துட்டு பாதி. வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு முதலாளியா உக்காரு, கரி மோட்டாரைக் கட்டிக்கிட்டு அழாதேங்கான். ஆறு மணிக்குள்ள பதில் சொல்லணுமாம். இல்லேன்னா வேற ஆளுக்குப் போயிருமாம்."

சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்தரை ஆக ஐந்து நிமிடம் இருந்தது.

"நீங்க என்ன நெனைக்கீங்க?"

"எனக்குத் தெரிஞ்சா உங்ககிட்ட எதுக்கு வாரேன்? கோடி வந்தவன் கிரீஸ் கையோட நின்னா ஊரு சிரிக்காதா?"

"சிரிக்கும்" என்றாள் ஜெபராணி.

"பாத்தீங்களா? அப்ப இந்த வேலைய விட்டுரவா? இல்ல, போட்ட திட்டப்படியே போகவா? நீங்க என்ன சொன்னாலும் செய்யுதேன். நெசமாத்தான் சொல்லுதேன்."

ஜெபராணி டீ கிளாஸை வைத்துவிட்டு முக்காலியிலிருந்து எழுந்துகொண்டாள். "வாழைக்காரர் மோட்டாருக்கு இன்னும் ரெண்டு காயில் பாக்கி. தண்ணி இல்லாம மூணு நாளா நிக்காரு. ஒண்ணை நீங்க சுத்துங்க. முடிச்சதும் பேசுவோம்."

பூதப்பாண்டி தன் சட்டையைப் பார்த்தார். பத்திர ஆபீசுக்காக எடுத்த புதுச் சட்டை. ஒரு கோடி வந்த அன்றும் காயிலா என்ற கேள்வி வாய்வரை வந்தது. ஆனாலும் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் நாலைந்து சுற்று வரை உதடு எதையோ முணுமுணுத்தது. பிறகு முதுகு நேரானது. கம்பி விரலுக்குள் ஒரே இழுப்பில் போனது. பரபரவென்று ஆடிக்கொண்டிருந்த கால்கள் எப்போது நின்றன என்று அவருக்குத் தெரியாது, ஜெபராணிக்குத் தெரிந்தது.

சட்டைப் பையில் போன் அலறியது. பூதப்பாண்டியின் இடது கையில் ஒரு விரல் மேலே எழுந்தது. கண் கம்பியை விட்டு அசையவில்லை. போன் நின்றது. மறுபடி அலறியது. விரல் மறுபடி எழுந்தது.

"அறுபத்தெட்டு." கம்பியை நறுக்கி, காயிலைக் கழற்றி, நூலால் நாலு இடத்தில் கட்டினார். ஓரங்களை விரலால் நீவிச் சமப்படுத்திவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"போன் அடிச்சுதே" என்றாள் ஜெபராணி.

"அடிச்சுதா?" எடுத்துப் பார்த்தார். "அய்யய்யோ, மச்சான்! ரெண்டு தடவ கூப்பிட்டிருக்கான்."

"ஆறு மணிக்குள்ள பதில் சொல்லணும்னீங்க."

"எண்ணிக்கிட்டு இருந்தேன்லா."

ஜெபராணி காயிலை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "நல்லா வந்திருக்கு."

"காயில் கெடக்கட்டும். நான் கேட்டதுக்குப் பதில்?"

"நீங்கதான் சுத்தி முடிச்சிட்டீங்களே."

பூதப்பாண்டிக்கு எரிச்சல் வந்துவிட்டது. மூன்று வருடத்தில் அவளிடம் குரலை உயர்த்தியதில்லை, இன்று உயர்த்தினார். "இந்தச் சுத்தி வளைச்சுப் பேசுத வேலையெல்லாம் வேண்டாம் வாத்தியாரம்மா. நேராக் கேக்கேன், நேராச் சொல்லுங்க. இந்தத் துட்டு உங்களுக்கு வந்திருந்தா நீங்க என்ன செய்வீங்க?"

"கடையைப் பூட்டிருவேன்."

மூச்சுவிடும் நேரம்கூட ஆகவில்லை.

"எந்தக் கடையை?"

"இந்தக் கடையைத்தான். இப்பவே. கட்டிங் பிளேயரைக்கூட எடுத்து வைக்க மாட்டேன். கெடந்த எடத்துல கெடக்கட்டும்னு ஷட்டரை இழுத்து விட்டுட்டு ஒரு லாரி வாங்கப் போயிருவேன்."

"லாரியா?"

மேசை டிராயரை இழுத்து, பில் புத்தகத்துக்கு அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்துப் போட்டாள். கனரக வாகனம் ஓட்டும் லைசென்ஸ். எடுத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. எங்கள் அம்மாவுக்குக்கூடத் தெரியாது என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி அந்த முகத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பதினஞ்சு வயசுல எங்க மாமா லாரில போனேன் அண்ணாச்சி. தீப்பெட்டி லோடு, இந்தூர் வரைக்கும். விடியக்காலம் நர்மதை ஆத்துப் பாலத்துல ஏறுதோம். மாமா எனக்கு ஹாரனை அடிக்கக் குடுத்தாரு. அம்மாடி! ஆறா அது, கடலு மாதிரி! இந்த ஊருக்கு வெளிய இவ்வளவு ரோடு கெடக்கான்னு எனக்கு அன்னிக்குத் தூக்கமே வரல. அதுக்கப்புறம் அப்பா போயிட்டாங்க. தம்பிங்க ரெண்டு பேரும் சின்னப் பையங்க. இங்க வந்து உக்காந்தேன். இப்பவும் பைபாஸ்ல பெரிய வண்டி போனா, சத்தத்தை வச்சு எந்தக் கியருன்னு சொல்லிருவேன்."

பூதப்பாண்டி முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"மூணு வருஷம் பக்கத்துல உக்காந்திருக்கேன். ஒரு நாள்கூடச் சொல்லலியே வாத்தியாரம்மா?"

"யாரும் கேக்கல அண்ணாச்சி. துட்டு வந்தா என்ன செய்வேன்னு, துட்டு வந்தவங்ககிட்டதானே கேக்காங்க."

"உங்க கை மாதிரி ஒரு கை இந்தப் பக்கத்துல கெடையாதே. வேலை பிடிக்காமயா அப்படி ஒரு கை வரும்?"

"கை வந்துட்டு. மனசு வரல. உங்களுக்கு ரெண்டும் வந்துட்டு. சில நாளு உங்களைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கும், தெரியுமா? மத்தியானம் சாப்பாட்டை மறந்துட்டு நீங்க மோட்டார்ல தலைய விட்டுட்டு இருப்பீங்க. நான் மணியப் பாத்துக்கிட்டு இருப்பேன்."

"அப்ப கடைய வித்துட்டு எப்பவோ போயிருக்கலாமே?"

"கேட்டு வந்தாங்க. ஒருத்தர் செருப்புக் கடை போடணும்னாரு, ஒருத்தர் செல்போன் கடை. சுத்துப்பட்டு அம்பது கிணத்துக்காரங்க மோட்டாரத் தூக்கிக்கிட்டு எங்க போவாங்க? வேலை தெரிஞ்ச ஆளு யாரும் வரல. வேலை தெரிஞ்சவங்ககிட்ட துட்டு இல்ல."

பூதப்பாண்டி தன் கையை விரித்துப் பார்த்தார், புதுச் சட்டையில் ஏறியிருந்த கறையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் மெதுவாக ஏதோ ஒன்று ஏறியது. பணம் வந்த செய்தியோடு ஓடி வந்தபோதுகூட அப்படி ஒரு முகம் இல்லை.

போன் அடித்தது. மணி ஐந்தே முக்கால். இந்தத் தடவை எடுத்தார்.

"சொல்லு மச்சான்... இல்ல, எனக்கு வேண்டாம்... யோசிச்சாச்சு. ஊரு சிரிச்சாச் சிரிக்கட்டும், நானும் கூடச் சேந்து சிரிச்சுட்டுப் போறேன்... ஒரு கடை வாங்கப் போறேன்... ஏய், ஜவுளிக் கடை இல்லடா!"

போனை வைத்துவிட்டு எழுந்தார். "என்ன விலை சொல்லுதீங்க?"

"எதுக்கு?"

"இந்தக் கடைக்கு. மெஷினு, சாமானு, உள்ள நிக்குத மோட்டாரு எல்லாம் சேத்து. போர்டுல ஞானமுத்து அண்ணன் பேரு அப்படியே இருக்கட்டும். வேப்பங்குளத்துல அட்வான்ஸைத் திருப்பி வாங்கிருதேன்."

"வெளையாடாதீங்க அண்ணாச்சி. துட்டு வந்த அன்னிக்கே அவசரப்படக் கூடாது."

"லாரி என்ன விலை?"

"புதுசா, பழசா?" என்று அவள் வாய் தன்னால் கேட்டது. கேட்ட பிறகு நிற்கவில்லை. பத்து வீல் வண்டி பழசு என்ன விலை, நாமக்கல்லில் யாரிடம் நல்ல வண்டி நிற்கிறது, டயர் மாற்ற எவ்வளவு ஆகும், நாக்பூர் போய்த் திரும்ப டீசல் எத்தனை லிட்டர், எல்லாம் வந்து கொட்டியது. சொல்லிக்கொண்டே போனவள் நடுவில் நிறுத்தி, "நெசமாவா?" என்றாள்.

"மூணு வருஷத்துல உங்ககிட்ட நான் பொய் சொல்லிருக்கேனா?"

"இல்ல."

"நாளைக்கே பத்திரம் எழுதச் சொல்லுவோம். சரின்னு மட்டும் சொல்லுங்க."

ஜெபராணி சரி என்று தலையை ஆட்டினாள். அடுத்த நிமிடம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒரே நேரத்தில் சிரித்தார்கள். எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்து, பஜ்ஜி இன்னும் வேண்டுமா என்று கேட்டார். இரண்டு பேருக்கும் அது காதில் விழவில்லை. பூதப்பாண்டி கடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கரண்டு அடுப்பை எந்த மூலையில் வைப்பது என்று காலால் அளந்து பார்த்தார்.

திரும்பியபோது ஜெபராணி முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். வாழைக்காரரின் மோட்டாருக்குக் கடைசிக் காயில் பாக்கி இருந்தது. கம்பியின் நுனி ஏற்கெனவே அவள் விரல்களுக்குள் இருந்தது.

"கையை எடுங்க வாத்தியாரம்மா" என்றார் பூதப்பாண்டி, சிரித்துக்கொண்டே. "இனி அது என் மோட்டாரு. நீங்க போயி வண்டியப் பாருங்க."

ஜெபராணி கையை எடுக்கவில்லை.

"இந்த ஒண்ணை மட்டும் நான் முடிச்சுக்கிடுதேன் அண்ணாச்சி" என்றாள்.