மடுப்பேயின் பெண்டாட்டி

பனங்காட்டு ஓடைக்கரையில் கூரி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. அந்த ஓடை ஓரிடத்தில் ஆழமாகி, கறுத்த மடுவாகக் கிடந்தது. அங்கே தண்ணீர் குடிக்கக் குனிந்த கூரியின் புருஷனை, உள்ளேயிருந்து ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டு போய்விட்டது. எது என்று கூரி பார்க்கவில்லை.

அந்தியில் மிருகங்களெல்லாம் கூடிய இடத்தில் கூரி வாய் திறந்தது.

“மடுவுக்குள்ள ஒண்ணு இருக்கு. அது சத்தமே போடாது. அந்தப் பக்கம் போகாதீங்க.”

அவ்வளவுதான் சொன்னது. சொல்லும்போதே பயத்தில் அதன் வால்முள் சலசலவென்று ஆடியது. கேட்டவர்களுக்கு மயிர் கூச்செறிந்தது. மான்கள்கூட மடுவை விட்டுச் சுற்றுவழியாகப் போகத் தொடங்கின.

இதையெல்லாம் வெடியான் என்கிற நரி பார்த்துக்கொண்டிருந்தது. பயந்துபோனவர்களே மறுநாளும் வந்து, கிழங்கைக் கையில் கொடுத்து, “இன்னொரு தடவை சொல்லு” என்று கேட்டார்களே! வெடியானுக்கு வாயெல்லாம் எச்சில். கிழங்கில் பாதி தனக்கென்று பேசிக்கொண்டு, கூரியிடம் கதையை நீட்டச் சொன்னது.

சரி, நீட்டினால் போகிறது என்று கூரியும் நீட்டியது. மடுவுக்குள் இருந்தது ஒரு பேயாகிக் கரையேறி வந்தது. அடுத்த கதையில் இடி விழுந்து செத்தது. அதற்கடுத்த அந்திக்கும் கூட்டம் வந்துவிட்டது.

“அதான் செத்துப்போச்சே, வெடியா. திரும்ப எப்படி வரும்?”

“செத்தா என்னக்கா? பேய்தானே!”

அப்படியே பேய் திரும்பி வந்தது. பிறகு அதற்கொரு பெண்டாட்டி வந்தாள், காலில் கொலுசோடு. கொலுசுச் சத்தத்துக்கு என்ன செய்வது? கூரி வேண்டுமென்றே வால்முள்ளைச் சலசலக்க வைத்தது. கொஞ்ச நாளில் மாமியார்ப் பேயும் வந்து சேர்ந்தாள். கூட்டத்தில் முயல்கள் கொட்டாவி விட்டன. குரங்குகள் அடுத்து வருவதை முன்கூட்டியே கத்திச் சிரித்தன. கூரிக்குப் படுத்தால் உறக்கமில்லை, உட்கார்ந்தால் இருப்பில்லை. பேய்க்கு இன்னொரு தலை வைக்கலாமா, வாலில் தீ வைக்கலாமா என்று வளைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது.

ஒருநாள் சாயங்காலம் கூரியின் மகள் சிலும்பியைக் காணவில்லை. அதற்கு முள் இன்னும் முற்றாத வயசு. கூரி தேடிக்கொண்டு ஓடியது. மடுவில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, சிலும்பி பேய்ப் பெண்டாட்டி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தது! கரையில் குரங்குகளும் முயல்களும் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. சிலும்பிக்குப் பின்னால் ஒரு முதலையின் மூக்கு சத்தமில்லாமல் நகர்ந்து வந்தது.

“ஏறி வாடி! பின்னால வருது!”

கூரியின் வால்முள் கிடுகிடுவென்று ஆடியது.

“கொலுசுச் சத்தம் வந்தாச்சு. பெண்டாட்டி எங்கேம்மா?” என்று சிலும்பி கேலி செய்தது. கரையே கொல்லென்று சிரித்தது.

கூரி தண்ணீரில் பாய்ந்து, மகளைத் தலையால் முட்டிக் கரைக்குத் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாகவே முதலையின் வாய்க்குள் மோதியது. குரங்குகள் கைதட்டின. இந்தக் கதைதான் இத்தனையிலும் ஒசத்தி என்று ஒன்று சொன்னது.

முதலை வாய் நிறைய முள்ளோடு துடித்து மூழ்கியது. கூரி தள்ளாடிக் கரையேறியது. பாதி முதுகு வெறுமையாக இருந்தது. அதிலிருந்து ரத்தம் வழிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கைதட்டல் ஒவ்வொன்றாக அடங்கியது. சிலும்பி அம்மாவின் வயிற்றுக்கடியில் புகுந்து நடுங்கியது.

காயம் ஆறுவதற்குள் வெடியான் வந்துவிட்டது. “அக்கா, இதைச் சொன்னோம்னா காடே திரண்டு வரும். முதலைக்கு ஒரு தம்பி இருக்கான்னு வெச்சுக்க...”

“முதல் நாள் சொன்னதோட நான் நிறுத்தியிருந்தா, எம்மக அந்தத் தண்ணியில காலே வெச்சிருக்கமாட்டா. போயிடு வெடியா” என்றது கூரி.

முடிய வேண்டிய இடத்தில் முடிக்காமல் இழுத்துக்கொண்டே போனால், பயப்பட வேண்டியதும் ஒருநாள் வேடிக்கையாகிவிடும்.