தேக்கு சொன்ன ஏழு வருஷம்

ஒரு மலைக்குக் கீழ ஒரு ஊரு. ஊருக்கு மேல ஒரு தேக்கங்காடு. அந்த ஊர்ல ஒருத்தி இருந்தா, பேரு சிலம்பாயி. ம் கொட்டணும் கண்ணு, இல்லாட்டி நிறுத்திருவேன்.

ம். அப்படித்தான்.

ஊரு பேரு தேக்கம்பள்ளம். அந்தத் தேக்கெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துல நட்டது. ரெண்டு பேரு கட்டிப் புடிச்சாலும் விரலும் விரலும் தொடாது. எலை ஒண்ணொண்ணும் மொறம் அகலம். காஞ்சு விழுந்தா சொர்ர்ர்னு வந்து பொத்துனு விழும்.

அந்த ஊர்ல மழை வரலைன்னா மழைக்கஞ்சி எடுப்பாங்க. அடுத்தடுத்து மூணு செவ்வாக்கெழமை. பொம்பளைங்க எல்லாம் ஒரு பானையைத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போயி, "மழையில்லைங்க, கஞ்சி ஊத்துங்க"ன்னு கேப்பாங்க. வீட்டுக்கு ஒரு செம்பு. எல்லா வீட்டுக் கஞ்சியும் ஒரே பானையில கலந்துரும். அப்புறம் ஊர் எல்லையில உக்காந்து ஆளுக்கு ஒரு வாய் குடிச்சுட்டு, வானத்தைப் பாத்து ஓன்னு அழுவாங்க. ஊரே அழுதா மேகத்துக்கு மனசு எளகுமாம்.

சிலம்பாயி வெளியூர்லேர்ந்து வாக்கப்பட்டு வந்தவ. அவ வந்து ஏழு வருஷம் நல்ல மழை. எட்டாவது வருஷம் சொட்டு இல்ல. அப்போ மழைக்கஞ்சி எடுக்கறாங்கன்னதும் அவளும் கம்பங்கஞ்சி காய்ச்சினா. அவ மக மயிலா, உன் வயசுதான், ரெண்டு கையிலயும் செம்பைப் புடிச்சுக்கிட்டு வாசல்ல நின்னா. தளும்பத் தளும்ப நின்னா.

பக்கத்து வீட்டுல கஞ்சி ஊத்தற சத்தம் கேட்டுச்சு, மொள மொளன்னு. அப்புறம் கூட்டம் இவங்க வாசலுக்கு வந்துச்சு. வந்து, நிக்காம அடுத்த வீட்டுக்குப் போயிருச்சு.

"அம்மா, நம்ம வீட்டை மறந்துட்டாங்க, கூப்புடு!"

சிலம்பாயிக்குச் சத்தமாப் பேசவே வராது. இருந்தாலும் கூப்பிட்டா. "ஏனுங்க ரங்காத்தாம்மா..."

ரங்காத்தாதான் பானைக்காரி, மூத்தவ. திரும்பிப் பாத்தா. "உங்க வீட்டுக் கஞ்சி ஆகாது அம்மிணி. மழையை வெரட்டுன வீடு அது."

மயிலா செம்பைக் கீழ வைக்கவே இல்ல. 

ம்?

அப்போ சிலம்பாயியோட மாமியார் சொன்னா. "உம் புருசனோட பாட்டனுக்குப் பாட்டி ஒருத்தி, வேலாத்தான்னு பேரு. அவ கண்ணாலம் கட்டி வந்த வருஷம் மழை நின்னு போச்சாம். கெணறு வத்துச்சு, மாடு செத்துச்சு. அவ காலு வச்ச நேரம்னு ஊரே சொல்லிருச்சு. அன்னிலேர்ந்து நம்ம கஞ்சி அந்தப் பானையில விழுந்ததே இல்ல."

"நீங்க ஒரு வார்த்தை கேக்கலையா அத்தை?"

"என்னன்னு கேக்க? அன்னிக்கு இருந்தவங்க யாராச்சும் உசுரோட இருக்காங்களா?"

சிலம்பாயி மேல பாத்தா. மலை மேல தேக்கு நின்னுட்டிருந்துச்சு.

அந்தக் காட்டுக்கு ஒரு அக்கா வந்திருந்தாங்க, பிலோமினான்னு. பாரஸ்ட் ஆபீஸ்ல எழுதி வாங்கிக்கிட்டு, அந்தக் காலத்துல மழை எப்படின்னு மரத்துக்கிட்ட பாக்க வந்தவங்க. சிலம்பாயி அவங்களுக்குத் தண்ணிக்குடமும் பொட்டியும் சுமக்கற வேலைக்குப் போவா. அவங்க ஒரு துரப்பணம் வச்சிருந்தாங்க, தச்சர் ஓட்டை போடறதுக்கு வச்சிருக்கற மாதிரி. மரத்துல வச்சுத் திருகினா கிர்ர்... கிர்ர்... கிறீச்! உள்ளேர்ந்து பென்சில் கனத்துக்கு ஒரு குச்சி வரும். மரத்தை வெட்டவே வேண்டாம். அதுக்குக் கொசு கடிச்ச மாதிரி.

அந்தக் குச்சியை உப்புத்தாள் போட்டுத் தேச்சுப் பூதக்கண்ணாடில பாத்தா, கோடு கோடா இருக்கும். ஒரு வருஷத்துக்கு ஒரு கோடு. மழை பேஞ்ச வருஷம்னா கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல அகலம். மழை இல்லாத வருஷம்னா மயிரிழை. பட்டைப் பக்கம் போன வருஷம், உள்ள போகப் போகப் பழைய வருஷம். பாத்துப் பாத்து சிலம்பாயிக்கு உடம்பு சிலுத்துருச்சு. நாம பொறக்காத வருஷம், நம்ம அம்மா பொறக்காத வருஷம், எல்லா மழையும் அந்தக் குச்சிக்குள்ள இருக்கு சாமி!

அன்னிக்கு அவ கேட்டா. "ஏனுங்க அக்கா, வேலாத்தா வந்த வருஷத்தை இதுல பாக்க முடியுங்களா?"

"எந்த வருஷம்னு தெரியணுமே?"

மாமியார் பரண்ல ஏறி ஒரு பித்தளை அண்டாவை எறக்கினா. வேலாத்தா சீராக் கொண்டு வந்தது. கழுத்துல அவ பேரும் வருஷமும் வெட்டியிருந்துச்சு. பிலோமினாக்கா பாத்துட்டு, "இன்னியோட நூத்திப் பதினெட்டு வருஷம்"னாங்க.

மொத மரம், ஊருக்குப் பக்கத்துல இருக்கற பெரிய மரம். கிர்ர்... கிர்ர்... பொசுக்! உள்ள ஒண்ணுமே இல்ல, வெறும் பொந்து. துரப்பணத்தோட கருப்பு மண்ணும் நாலு கரையானும் வந்துச்சு.

ரெண்டாவது மரம், பாறை மேட்டுல. ஏறறதுக்குள்ள பிலோமினாக்கா முட்டி சிராய்ச்சுருச்சு. கிர்ர்... கிர்ர்... கிறீச்! குச்சி முழுசா வந்துச்சு. பத்துக் கோட்டுக்கு ஒரு புள்ளி வச்சு எண்ணினாங்க. நூத்திப் பதினஞ்சாவது கோடு மயிரிழை. பதினாறு, பதினேழு, பதினெட்டு, எல்லாம் மயிரிழை. அதுக்கும் முந்தின வருஷம், நூத்திப் பத்தொம்பது, நல்ல அகலம்.

அப்படின்னா என்ன? வேலாத்தா வந்த அதே வருஷம் பஞ்சம் தொடங்கியிருக்கு.

சிலம்பாயி பொட்டியைத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டா. ஆனா அது ஊருக்குள்ள பரவிருச்சு. ரெண்டாவது செவ்வாக்கெழமை ரங்காத்தா பானையோட போறப்ப சிரிச்சா. "மரத்துக்கு ஊசி போடற டாக்டரம்மாவே சொல்லிட்டாங்களாமே! இனி என்னத்தைக் கேக்கறது?" மயிலா அன்னிக்கும் செம்போட நின்னா. அன்னிக்கும் கஞ்சி ஆறிப் போச்சு.

தூங்கிட்டியா? இல்லையா? சரி.

அப்புறம் சிலம்பாயி ஒண்ணு யோசிச்சா. அவ ஆடு மேய்ச்சவ. பாறை மேட்டுல புல்லு கூட மொளைக்காதுன்னு அவளுக்குத் தெரியும். "அக்கா, தண்ணியே இல்லாத எடத்துல நிக்கற மரம், ரொம்பப் பஞ்சமான வருஷம் கோடே போடாம விட்டுருமுங்களா? எங்க ஆடு பட்டினி கெடந்தா அந்த வருஷம் குட்டியே போடாதுங்க."

பிலோமினாக்கா அப்படியே அவளைப் பாத்தாங்க. "விட்டுரும் சிலம்பாயி. சில மரம் விட்டுரும். நான்தான் அவசரப்பட்டு ஒரே மரத்தை வச்சு எண்ணிட்டேன்."

மூணாவது மரம், பள்ளத்துல, ஓடைக்கரையில. பஞ்சத்துலயும் வேருக்கு ஒரு வாய் ஈரம் கெடைக்கற எடம். கிர்ர்... கிர்ர்... கிறீச்!

ரெண்டு குச்சியையும் ஒட்டி வச்சாங்க. அங்க அகலம்னா இங்கயும் அகலம், அங்க குறுக்கம்னா இங்கயும் குறுக்கம். ஒரு தாய் வயித்துப் புள்ளைங்க மாதிரி நூத்திப் பதினாலு வருஷம் ஒண்ணாவே வந்துச்சு ரெண்டும். அதுக்கு அங்கிட்டு, பாறை மரத்துல மயிரிழை நாலு. ஓடை மரத்துல எண்ணினா, ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏழு! ஏழு மயிரிழை. அதைத் தாண்டினா மறுபடி ரெண்டும் ஒண்ணா ஒத்துப் போச்சு. பாறை மரம் அந்த ஏழு வருஷத்துல மூணு வருஷம் கோடே போடல. அவ்வளவு தாகம் அதுக்கு.

நூத்திப் பதினஞ்சுலேர்ந்து நூத்தி இருபத்தொண்ணு வரைக்கும் மழை இல்ல. உள்ள இருக்கற நூத்தி இருபத்தொண்ணுதான் பஞ்சத்தோட மொத வருஷம். வேலாத்தா வந்தது நூத்திப் பதினெட்டு. அவ வர்றதுக்கு மூணு வருஷம் முன்னாடியே அந்த ஊரு காஞ்சு கெடந்திருக்கு.

மூணாவது செவ்வாக்கெழமை. மயிலா செம்போட நின்னா. அவ பக்கத்துல சிலம்பாயி, மொறத்துல ரெண்டு குச்சியும் பூதக்கண்ணாடியும் வச்சுக்கிட்டு நின்னா. பானை வந்துச்சு. சிலம்பாயி மொறத்தை மட்டும் நீட்டினா.

கூட வந்திருந்த பிலோமினாக்கா எடுத்துச் சொன்னாங்க. ரங்காத்தா நம்பல. "நானே எண்ணறேன், குடு." பானையை எறக்கிட்டுக் குத்த வச்சு உக்காந்தா. ஒரு கண்ணை மூடிக்கிட்டு, கண்ணாடி வழியா, நகத்தால தொட்டுத் தொட்டு எண்ணினா.  ஏழாவது கோட்டுல நகம் நின்னுச்சு. மறுபடி எண்ணினா. மறுபடியும் ஏழு.

கண்ணாடியை மொறத்துல வச்சா.

அப்புறம் மெல்லக் கேட்டா. "அப்போ, மூணு வருஷமாக் கஞ்சிக்கு வழியில்லாத ஊருக்கா அந்தப் புள்ளை வாக்கப்பட்டு வந்துச்சு? வந்த அன்னிக்கு அதுக்கு யாராச்சும் ஒரு வாய் ஊத்தியிருப்பாங்களா?"

 ரங்காத்தா பானையைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு மயிலா முன்னால வந்து குனிஞ்சா. "மழையில்லை கண்ணு. கஞ்சி ஊத்து சாமி."

மயிலா ஊத்தினா. மொள... மொள... மொள. ஒரு சொட்டு கீழ சிந்தல.

அன்னிக்கு ஊர் எல்லையில எல்லாரும் அந்தக் கஞ்சியைக் குடிச்சாங்க. ஓன்னு அழுதாங்க. பாதிப் பேரு மழைக்கு அழுதாங்க, பாதிப் பேரு வேலாத்தாவுக்கு அழுதாங்க.

மழை வந்துச்சான்னா கேக்கற? தேக்கு அந்த வருஷத்துக் கோட்டை அப்போதான் போட ஆரம்பிச்சிருந்துச்சு கண்ணு. அகலமாப் போட்டுச்சா குறுக்கிப் போட்டுச்சான்னு பட்டைக்கு வெளியில நின்னு யாரு பாக்க முடியும்?

பானை காலி, கதையும் காலி. கண்ணை மூடிக்கோ சாமி.