அட்டையின் மூலை

அந்த பேட்டரி ஆலையில் முதலில் வயிற்றுவலி என்று வந்தவர்களிடம், சாப்பாடு சரியில்லை என்றார்கள். அடுத்து, மணிக்கட்டு தொங்கிப்போனவர்களைச் சோம்பேறி என்றார்கள். பிறகு, ஈயம் உருக்கும் உலைக்கூடத்தில் கொடுத்துவந்த பாலை நிறுத்தினார்கள். அதற்கும் பிறகு, கருணை பொங்கி, பல் முகாம் நடத்தினார்கள்.

ஆறாவது முகாமுக்குப் பேராசிரியர் இமாகுலேட்டும் அவருடைய மாணவன் இளம்பரிதியும் வந்திருந்தார்கள். ஈறு நோய்களை வகை பிரிப்பதில் இளம்பரிதிதான் பல் மருத்துவக் கல்லூரியில் முதல். அது அவன் நடையிலேயே தெரியும்.

கேன்டீன் மேசையில் வெள்ளை அட்டைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு கட்டம். முதல் வகை, பல்லில் படிந்த அழுக்கால் வந்த நோய். இரண்டாம் வகை, வேறு காரணத்தால் வந்தது. முதல் வகை என்றால் அன்றைக்கே உலைக்குத் திரும்ப வேண்டும்.

மாசிலாமணி வாயைத் திறந்தார். பதினொரு வருடம் உலையில் நின்றவர். ஈறு விளிம்பில் கருநீலமாக ஒரு கோடு.

"பல்லு விளக்குறீங்களா?" என்றான் இளம்பரிதி.

"ஒவ்வொரு முகாமுக்கும் ஒரு பிரஷ் குடுக்குறாங்க டாக்டர். வாயில இருக்கிற பல்லைவிட வீட்டுல பிரஷ்தான் ஜாஸ்தி."

வரிசை சிரித்தது. இளம்பரிதி முதல் கட்டத்தில் பேனாவை வைத்தான்.

"எதை வச்சு முதல் வகை?" என்றார் பேராசிரியர்.

"அழுக்கு இருக்கு மேடம். கறுப்பா கண்ணுக்கே தெரியுது."

அவர் அந்த அட்டையை வாங்கி, ஒரு மூலையைக் கத்தரித்தார். அந்தத் துண்டைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெல்லச் செருகினார்.

"பல்லுல இருக்கிற கறைன்னா காகிதத்துக்குப் பின்னால மறையணும். மறைஞ்சுதா?"

இளம்பரிதி குனிந்தான். கோடு மறையவில்லை. வெள்ளைக்கு முன்னால் இன்னும் தெளிவாக நின்றது. அது ஈறின் சதைக்குள் இருந்தது.

"ஈயம்," என்றான்.

சிரிப்பு நின்றது. வரிசையில் ஒருவர் விரலால் தன் ஈறைத் தடவிப் பார்த்தார்.

"ஆனா அழுக்கும் இருக்கே மேடம்."

"இருக்கு. அதைப் பார்த்ததும் தேடுறதை நிறுத்திட்டே."

இரண்டாம் வகை, ரத்தப் பரிசோதனை முடியும்வரை உலைக்கு அனுப்பக் கூடாது என்று அவரே எழுதினார்.

"அப்போ முதல் முகாம்ல குடுத்த இது?" மாசிலாமணி சட்டைப்பையிலிருந்து மடித்த அட்டை ஒன்றை நீட்டினார். முதல் வகை என்றிருந்தது.

இளம்பரிதிக்கு முகம் சிவந்தது. "இதை எழுதின ஆளுக்கு யார் மேடம் பட்டம் குடுத்தது?"

பேராசிரியர் முகக்கவசத்தைக் கழற்றினார்.

"கையெழுத்துக்குக் கீழ பேர் இருக்கும். கடைசியா நிக்கிறவருக்கும் கேட்கிற மாதிரி படி."

அவன் பார்த்தான். உதட்டுக்குள் முணுமுணுத்தான்.

"சத்தமா," என்றார்.

"வி. இமாகுலேட்."