சிம்மாசனத்தைத் தூக்கிய டிராக்டர்

மேலைக்கூடல நாட்டை வீரபுஜங்க மகாராஜா ஆண்டபோது அரண்மனையில் ஒரு பழைய டிராக்டர் இருந்தது. ராஜா காலத்தில் டிராக்டர் ஏது என்று கேட்பவர்கள் இங்கேயே எழுந்து போய் வேறு வேலையைப் பார்க்கலாம்.

டிராக்டரின் பின்னால் கலப்பையைத் தூக்க இரண்டு இரும்புக் கைகள் உண்டு. நெம்புகோலை இழுத்தால் கலப்பை தானாக மேலே எழும். அதைப் பார்த்த மகாராஜாவுக்கு ஆசை வந்துவிட்டது. கலப்பையைக் கழற்றிவிட்டு அங்கே சிம்மாசனத்தை மாட்டச் சொன்னார். மாட்டிக் கொடுத்தவர் அரசவை விகடகவி கொழுந்தப்பன்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. டிராக்டர் தடதடவென்று ஓடும். மகாராஜா உயரத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். தலைமை அமைச்சர் நஞ்சுண்டையாவுக்குத்தான் பொறுக்கவில்லை. அந்தச் சத்தத்தில் அவர் பேச்சு யார் காதிலும் விழவில்லை.

"பிரபு, சபை நடக்கும்போது இன்ஜினை நிறுத்த வேண்டும்" என்றார். நிறுத்தினார்கள்.

அன்றைக்கே சிம்மாசனம் மெல்ல மெல்ல இறங்க ஆரம்பித்தது. அந்தச் சபையில் ஒரு வழக்கம்: மகாராஜாவின் தலையைவிட யார் தலையும் உயரமாக இருக்கக் கூடாது. அவர் இறங்க இறங்க எல்லோரும் குனிந்தார்கள், பிறகு மண்டியிட்டார்கள். கடைசியில் தளபதி முதல் சாமரம் வீசுபவர் வரை குப்புறப் படுத்துவிட்டார்கள்.

"இது கொழுந்தப்பனின் சதி" என்றார் அமைச்சர், தரையிலிருந்து.

மகாராஜாவுக்கும் அவமானம் தாங்கவில்லை. கொழுந்தப்பன் பக்கம் திரும்பினார். "நாளை விசாரணை. சிம்மாசனம் மறுபடி இறங்கினால், கழற்றி வைத்த கலப்பையை நீர்தான் இழுக்க வேண்டும், ஓய். அரண்மனை வயல் முழுவதும்."

வண்டியின் சங்கதி கொழுந்தப்பனுக்குத் தெரியும். பம்பு அனுப்பும் ஆயில்தான் பிஸ்டனைத் தள்ளிச் சிம்மாசனத்தைத் தூக்குகிறது. பிஸ்டனின் ரிங் தேய்ந்து ஆயில் கசிகிறது. இன்ஜின் ஓடினால் பம்பு அதை ஈடுகட்டும், நின்றால் பம்பும் நின்றுவிடும். அந்தக் காலத்து வண்டிக்கு ரிங் எந்தக் கடையிலும் கிடைக்காது.

மறுநாள் சிம்மாசனத்தை உயர்த்தி இன்ஜினை நிறுத்தினார்கள். அமைச்சர் குற்றம் சாட்ட எழுந்தார். முதலில் மகாராஜாவின் பட்டப்பெயர்கள். அப்புறம் அவர் தகப்பனாரின் பட்டப்பெயர்கள். கொள்ளுப்பாட்டனாரிடம் வந்தபோது அமைச்சர் மண்டியிட்டிருந்தார். எள்ளுப்பாட்டனாரிடம் வந்தபோது தாடி தரையில் புரண்டது. சிம்மாசனம் தொப்பென்று கீழே உட்கார்ந்தது.

"கலப்பையைக் கொண்டு வாருங்கள்" என்று கர்ஜித்தார் மகாராஜா.

"பிரபு, அமைச்சரின் தரப்பை உயரத்திலிருந்து கேட்க ஆரம்பித்தீர்கள்" என்றார் கொழுந்தப்பன், படுத்தபடியே. "என் தரப்பையும் அப்படியே கேட்பதுதானே நியாயம்?"

மறுபடி உயர்த்தி, மறுபடி நிறுத்தினார்கள்.

"நான் எந்தச் சதியும் செய்யவில்லை" என்றார் கொழுந்தப்பன்.

"சரி, மேலே?"

"அவ்வளவுதான், பிரபு. கொஞ்சம் கீழே பாருங்கள். நான் பேசினேன், சிம்மாசனம் அசையவில்லை. அமைச்சர் பேசினார், தரைக்கு வந்தது. அப்படியென்றால் இறக்கியது யார்?"

அமைச்சர் துள்ளி எழுந்தார். "அபாண்டம், பிரபு. நான் பேசியதால் இறங்கவில்லை, பேசிய நேரத்தால் இறங்கியது. இவ்வளவு நேரம் யார் பேசினாலும் இறங்கும்."

"இவ்வளவு நேரம் வேறு யார் பேசுவார்?" என்று கேட்டார் மகாராஜா.

அமைச்சர் அதற்கும் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். சிம்மாசனம் ஒரு சாண் இறங்கியது.

"இரண்டு வழி இருக்கிறது, பிரபு" என்று குறுக்கிட்டார் கொழுந்தப்பன். "இன்ஜின் ஓடினால் தாங்கள் உயரத்தில் இருக்கலாம், ஆனால் அமைச்சரின் பேச்சு கேட்காது. நிறுத்தினால் பேச்சு முழுவதும் கேட்கும். தாங்கள்தான் தரையில் இருக்க வேண்டும்."

மகாராஜா யோசிக்கவே இல்லை. "ஓட்டுங்கள்" என்றார்.

டிராக்டர் நின்ற இடத்திலேயே புகையைக் கக்கிக்கொண்டு தடதடத்தது. அமைச்சர் கையை ஆட்டி ஆட்டி மாலை வரை பேசினார். மகாராஜா உயரத்தில் சாய்ந்து, கண்ணை மூடி, தலையாட்டி ரசித்தார். சபை கலைந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றிக் கொழுந்தப்பன் கழுத்தில் போட்டார்.

"நம் அமைச்சர் எவ்வளவு அருமையாகப் பேசுகிறார், ஓய். இத்தனை வருஷமாக அது நமக்குத் தெரியாமலே போய்விட்டதே."