மேடைத் தண்ணீர்

"அக்கா, நான் செஞ்ச தர்மமெல்லாம் விழலுக்கு இறைச்ச தண்ணியாப் போச்சுங்க."

செருப்பைக் கழற்றிய கையோடு சென்னியப்பர் இதைச் சொல்லிவிட்டார். வணக்கம் வைக்கக்கூட மறந்துபோனார்.

மலையடிவாரத்து மடத்தில் அக்கா அன்றைய அன்னதானத்துக்குப் பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தார். அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். அது யாருக்கும் தெரியாது. தன்னைவிட மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். சென்னியப்பர் அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர். ஆனாலும் மனசில் முள் தைத்தால் காரை இங்கேதான் விடச் சொல்வார்.

"உக்காருங்க" என்றார் அக்கா. "எந்த தர்மமுங்க?"

சென்னியப்பருக்குச் சுருக்கென்றது. அவர் பெயர் பொறித்த தர்மங்கள் ஊரில் நிறைய. பஸ் நிறுத்தத்தில் நிழற்குடை, கோயிலுக்கு வெள்ளிக் கதவு, கல்யாண மண்டபத்துக்கு மின்விசிறி. மின்விசிறியின் இறக்கையில்கூடப் பெயர் உண்டு, சுற்றாதபோது படிக்கலாம்.

ஆனால் மனசறிந்து அவர் செய்தது ஒன்றுதான். ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டியில் கூலியாக ஏறி, பல வண்டிகளுக்கு முதலாளியாக இறங்கியவர் அவர். தண்ணீரில் வந்ததைத் தண்ணீருக்கே செய்ய வேண்டும் என்று ஒருநாள் தோன்றிவிட்டது. கையில் காசுள்ள நண்பர்களையும் சேர்த்து ஓர் அறக்கட்டளை தொடங்கினார். வாய்க்கால் கரையில் ஒரு பள்ளிக்கூடம் எழும்பியது. இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அங்கே தங்கி, மோட்டார் ஓட்டவும் குழாய் பதிக்கவும் வாய்க்கால் தண்ணீரைத் தெளிய வைத்து மருந்து கலந்து சோதிக்கவும் படித்தார்கள். சோறு, துணி, படிப்பு எல்லாம் இலவசம்.

"தண்ணிப் பள்ளிக்கூடத்தைச் சொல்றேனுங்க" என்றார் சென்னியப்பர்.

"புள்ளைக படிக்கறதில்லீங்களா?"

"நல்லாப் படிக்குதுங்க. அதானுங்க வயித்தெரிச்சல். படிச்சு முடிச்சா ஒண்ணுகூட இந்த வேலைக்கு வர்றதில்லை. ஒருத்தன் செல்போன் கடையில நிக்கறான். ஒருத்தன் பைக்குல வீடு வீடாச் சோத்துப் பொட்டலம் கொண்டுபோறான். போன வருசத்து முதல் மாணவன் வட்டிக் கம்பெனிக்கு வசூலுக்குப் போறானுங்க."

"சம்பளம் பத்தலையோ என்னமோ?"

"அதையும் பாத்தாச்சுங்க. அறக்கட்டளையிலிருந்தே மேல போட்டுக் குடுக்கறோம்னு சொன்னோம். செல்போன் கடைக்காரன் குடுக்கறதைவிட அதிகமுங்க. அப்பவும் போறாங்க. நாளைக்கு ஊருக்கு ஊரு தொட்டி இருக்கும், மோட்டார் இருக்கும். திறந்துவிட ஆள் இருக்காதுங்க."

"அப்ப ஏன் போறாங்க?"

"அதைத்தானுங்க உங்களைக் கேக்க வந்தேன்."

அக்கா அடுத்த பூசணிக்கீற்றை எடுத்தார்.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடும்பாங்க. நான் அளக்காமப் போட்டுட்டேன்" என்றார் சென்னியப்பர். "இன்னைக்கு ஆண்டு விழா. மேடையிலேயே சொல்லிரலாம்னு இருக்கறேன். இந்த வருசத்தோட பள்ளிக்கூடத்தை மூடியாச்சுன்னு."

"இப்பப் படிச்சிட்டிருக்கற புள்ளைக?"

"வேற எங்காச்சும் போய்ப் படிச்சுக்கட்டுமுங்க."

அவர்களில் பாதிப் பேருக்குத் திரும்பிப் போக வீடு என்று ஒன்று சரியாகக் கிடையாது. அது சென்னியப்பருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

அக்கா அரிவாள்மனையை மடக்கி வைத்தார். கையைக் கழுவினார்.

"விழாவுக்கு நானும் வர்றேன்."

சென்னியப்பருக்குக் கேள்வியே மறந்துபோயிற்று. அக்கா எந்த மேடையிலும் ஏறியவர் இல்லை. எம்.எல்.ஏ. வந்து கூப்பிட்டும் போகாதவர், தன் மேடையில் உட்காரப் போகிறார். பள்ளிக்கூடத்தை மூடப் போகிற துக்கத்திலும் அவருக்கு உச்சி குளிர்ந்தது. மனுசன்தானே!

*

பந்தலில் பிள்ளைகள் நீலச் சட்டை போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் எவர்சில்வர் குடமும் டம்ளர்களும் இருந்தன. மேடையில் அறக்கட்டளைக்காரர்கள் வெள்ளை வேட்டியில் அமர்ந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு ரோஜாப்பூ, மூடி உடைக்காத ஒரு தண்ணீர் பாட்டில்.

வரவேற்புரை ஆற்ற வந்தவர் ஆற்றிக்கொண்டே இருந்தார். வெயில் ஏறியது.

"தாகமா இருக்குதுங்க" என்றார் அக்கா.

சென்னியப்பர் தன் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, இரண்டு கையாலும் நீட்டினார்.

அக்கா வாங்கவில்லை. "இங்க எடுக்கற தண்ணி இல்லீங்களா?"

"இருக்குதுங்க. பள்ளிக்கூடத்துக்கும் பக்கத்து ஊருக்கும் புள்ளைக சுத்தம் பண்ணி எடுக்கற தண்ணிதானுங்க."

"அதுல ஒரு டம்ளர் போதும்."

சென்னியப்பர் அவர் காதருகே குனிந்தார். "அது புள்ளைக குடிக்கறதுங்கக்கா. உங்களுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா என்ன பண்றதுங்க?"

அக்கறையோடுதான் சொன்னார். அதில் பொய் இல்லை.

நாற்காலிக்குப் பின்னால் யாரோ நிற்பதை அப்போதுதான் கவனித்தார். பொன்னாடைத் தட்டோடு மேகலா நின்றிருந்தாள். இந்த ஆண்டின் முதல் மாணவி. அவள் காதில் விழாமல் இருந்திருக்க வழியில்லை. ஆனால் அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கேட்டுக் கேட்டுப் பழகிய முகமாக இருந்தது.

மேகலா தட்டை வைத்துவிட்டு இறங்கிப் போனாள். டம்ளரை நன்றாக அலசி, குடத்திலிருந்து மொண்டு கொண்டுவந்தாள்.

அக்கா அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாருக்குது சாமி. யாரு எடுத்த தண்ணி?"

"இன்னைக்கு எம்பட முறைங்க" என்றாள் மேகலா. சொல்லும்போதே முகம் மலர்ந்துவிட்டது.

சென்னியப்பர் அந்த முகத்தைப் பார்த்தார். எத்தனையோ முறை இந்தப் பிள்ளைக்குப் பரிசு கொடுத்திருக்கிறார். போட்டோவுக்கும் சேர்ந்து நின்றிருக்கிறார். இப்படி அவள் மலர்ந்து அவர் பார்த்ததில்லை.

அவருக்குப் பழைய நினைப்பு ஒன்று வந்தது. வேண்டாம் என்று தள்ளினாலும் போகவில்லை.

அவர் கூலியாக இருந்த ரிக் வண்டியில் ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீர் பீறிட்டதும் முதல் கைத் தண்ணீர் துளை போட்டவனுடையது. சேறும் கல்தூசியுமாக வரும். கிணறு போடக் கூப்பிட்ட காட்டுக்காரன் மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நடுங்கிக்கொண்டு நிற்பான். துளை போட்டவன் கையில் ஏந்தி, அவன் கண்ணெதிரே குடித்துக் காட்ட வேண்டும். "நல்ல தண்ணிங்க" என்று சொல்ல வேண்டும். பிறகுதான் காட்டுக்காரன் கையை நீட்டுவான். போட்டவனே குடிக்காத தண்ணியை எவன் குடிப்பான் என்று மேஸ்திரி அதட்டுவார். பல்லில் மண் நெறுநெறுக்க எத்தனை ஊரில் அப்படிக் குடித்திருக்கிறார்!

இந்தப் பள்ளிக்கூடத்துத் தண்ணீரை அவர் ஒருவாய்கூடக் குடித்ததில்லை. திறப்பு விழாவன்றும் குடிக்கவில்லை. குடிக்கலாம் என்று தோன்றியதே இல்லை என்பதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. காது மடல் இரண்டும் சுட்டன.

"சாமி, எனக்கும் ஒரு டம்ளர் கொண்டா."

மேகலா தயங்கினாள். "ஐயாவுக்கு வேண்டாமுங்க."

"ஏன் சாமி?"

"ஒத்துக்காதுங்க."

குத்திக் காட்டுகிறாளோ என்று நிமிர்ந்து பார்த்தார். இல்லை. பெற்ற தகப்பனுக்குச் சொல்வது போலத்தான் சொன்னாள். குத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"யாரு அப்படிச் சொன்னது?"

"வார்டன் ஐயா முதல் வருசமே சொல்லித் தந்திருவாருங்க. பெரியவங்க வர்ற அன்னைக்கு நம்ம தண்ணியை மேடைக்கு வெச்சறக் கூடாது, கடைத் தண்ணிதான் வெக்கோணும்னு. கடைசி வருசம் படிக்கறவங்க போய் வாங்கியாரோணுங்க. வருசா வருசம் அப்படித்தான். இந்தத் தடவை நான் போனேன்."

"நீ போனியா?"

"ஆமாங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஐயா, ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? எங்க சட்டையில பள்ளிக்கூடத்துப் பேரு இருக்குதுங்க. 'தண்ணிப் பள்ளிக்கூடத்துக்கே தண்ணியா'ன்னு கடைக்காரரு சிரிக்கறாரு. அங்க நிக்கறவங்களும் சிரிக்கறாங்க. அடுத்த வருசம் வாங்கப் போறவங்களை வேற சட்டை போட்டுப் போகச் சொன்னாத் தேவலைங்க."

சென்னியப்பர் மூடி திறந்த தன் பாட்டிலை நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

ஒலிபெருக்கியில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். வெறும் பெயரையா கூப்பிடுவார்கள்? கொடை வள்ளல், தண்ணீர்த் தந்தை, இன்னும் என்னென்னவோ சேர்த்தார்கள். ஒவ்வொன்றும் செருப்படியாக விழுந்தது. வரிசை வரிசையாகக் கைதட்டல் எழுந்தது.

எழுந்து போய் நின்றார். கைதட்டல் ஓய்ந்தது.

"உங்களைக் குத்தம் சொல்லத்தான் வந்தேன்" என்றார். "நன்றி கெட்டதுகன்னு மனசுக்குள்ள வெச்சிருந்தேன். பள்ளிக்கூடத்தை மூடறதாச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

பந்தலில் ஒரு பையன் பக்கத்தில் இருந்தவனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மூடலை" என்றார் சென்னியப்பர். "மூடலை சாமி. பயப்படாதீங்க."

மைக்கைப் பிடித்தபடியே அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் என்னங்கக்கா சொல்லட்டும்?"

"எங்கிட்டக் கேக்க வந்தீங்களே, அதை அவங்ககிட்டயே கேளுங்க."

சென்னியப்பர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். ஏன் போகிறீர்கள் என்று கேட்க வேண்டும். அதை இனிமேல் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? கண்ணில் நீர் முட்டியது. மறைக்கத் தோன்றவில்லை.

"கண்ணுகளா" என்றார். "எனக்குக் கொஞ்சம் தண்ணி தருவீங்களா?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எழவில்லை.

வார்டன்தான் பதறிப்போய், மூடி உடைக்காத பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு மேடைக்கு ஓடிவந்தார்.